நீலக் கல்யாணத்தில் ஒரு தக்காளிச் சிவப்பு

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் மட்டும் அது இருந்தது. மற்றபடி வேலை செய்யும் இடத்திலும் குடியிருக்கும் கட்டடத்திலும் அவள் பஞ்சவர்ணம். அண்ணன் மகனுக்குப் பஞ்சவர்ண அத்தை, அவன் அவசரத்தில் இருந்தால் வெறும் அத்தை.

அந்தப் பெயரை வைத்தது மருத்துவமனையின் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர். எப்போதும் விறைப்பாக நடப்பதால் அவருக்கே அங்கே கஞ்சி சார் என்று ஒரு பெயர் உண்டு. வேலை முடிந்ததும் மற்றவர்கள் சீருடையோடு பஸ் ஏறிப் போய்விடுவார்கள். இவள் மட்டும் உடை மாற்றும் அறைக்குள் போய்ப் பத்து நிமிஷம் கழித்து வெளியே வருவாள். ஒருநாள் கத்திரிப்பூ நிறம், மறுநாள் எலுமிச்சை மஞ்சள், அதற்கடுத்த நாள் கிளிப்பச்சையில் கறுப்புப் பூ. இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கும் வீட்டுக்குப் போக எதற்கு இந்த அலங்காரம் என்று கேட்டுப் பார்த்துப் பதில் கிடைக்காமல், "பஞ்சவர்ணக் கிளி கூண்டை விட்டுக் கிளம்பிடுச்சுப்பா" என்றார் கஞ்சி சார். கிளி உதிர்ந்து போய்ப் பஞ்சவர்ணம் ஒட்டிக்கொண்டது.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது சலவைப் பிரிவு. ஜன்னல் கிடையாது. அங்கே வந்து சேரும் படுக்கை விரிப்பு வெளிர் நீலம். தலையணை உறை வெளிர் நீலம். நோயாளிகள் போடும் அங்கி வெளிர் நீலம். அதையெல்லாம் துவைத்து, உலர்த்தி, சூடான உருளைக்குள் கொடுத்து மடிக்கும் நாற்பது பெண்களின் சீருடையும் அதே வெளிர் நீலம். ஒட்டுமொத்தமாக ஒரே நிறத் துணி வாங்கினால் மலிவு என்று என்றைக்கோ யாரோ முடிவு செய்திருந்தார்கள். இருபத்து நாலு வருஷமாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அவள் பார்த்தது அந்த ஒரு நிறத்தைத்தான். மலை மலையாகப் பார்த்தாள். ஈரமாகப் பார்த்தாள், ஆவி பறக்கப் பார்த்தாள். முதல் வருஷம் கனவில்கூட விரிப்புகள் வந்தன. அவற்றையும் மடித்துத்தான் வைத்தாள்.

விரிப்பை உருளைக்குள் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். இந்த முனையை இவள் பிடித்தால் அந்த முனையைப் பிடிக்கிறவள் பத்தொன்பது வருஷமாக ஒரே ஆள்தான். அவளுக்கு இவள் வைத்த பெயர் எதிர்முனை. இருவரும் விரிப்பை உதறும்போது பேசுவார்கள், இழுக்கும்போது வாயை மூடுவார்கள். இப்படித் துண்டு துண்டாகவே இருவரின் வாழ்க்கைக் கதையும் பரிமாறப்பட்டிருந்தது.

பஞ்சவர்ணத்துக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்ததுண்டு. மூன்றாம் வருஷம் வேலை தேடி வேறு ஊருக்குப் போன கணவர் போனவர்தான். அழுது, தேடி, கோபப்பட்டு, கடைசியில் விட்டுவிட்டாள். அண்ணன் குடியிருந்த கட்டடத்திலேயே மேல்தளத்தில் இரண்டு அறை பார்த்துக் குடிவந்தாள். அண்ணன் லாரி ஓட்டுநர், வாரத்தில் நாலு நாள் சாலையில். அண்ணிக்கு ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் விடிகாலை வேலை. அதனால் அவர்களின் ஒரே மகன் வளர்ந்ததில் பாதி கீழ்வீட்டில், பாதி மேல்வீட்டில். அவனைப் பள்ளிக்குக் கிளப்பியது, தலை சீவிவிட்டது, வாய்ப்பாடு ஒப்பிக்கக் கேட்டது எல்லாம் அத்தைதான். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நூறு அம்மாக்கள் நின்றாலும் அவன் தேட வேண்டியதில்லை. எந்த நிறம் கண்ணைப் பறிக்கிறதோ அதை நோக்கி ஓடி வருவான்.

அந்தப் பையன் இப்போது இருபத்தெட்டு வயது ஆள். அலுவலகங்களுக்குப் போய் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பான். ஒரு பல் மருத்துவரிடம் இயந்திரம் சரிசெய்யப் போன இடத்தில் வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணைப் பார்த்தான். அதற்குப் பிறகு அந்த இயந்திரம் அடிக்கடி பழுதானது. பல் மருத்துவரே ஒருநாள், "தம்பி, மெஷினை விட்டுடு, பொண்ணு வீட்ல வந்து பேசு" என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

பேசி முடித்து, நாள் குறித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அழைப்பிதழோடு கீழ்வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். இடம், நேரம் எல்லாம் சரி. அடியில் சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது. அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"விருந்தினர்கள் அனைவரும் வெளிர் நீல உடையில் வந்து எங்கள் நாளை அழகாக்க வேண்டுகிறோம். இது என்னடா?"

"அது இப்ப எல்லாரும் பண்றதுதாம்பா" என்றான் மகன்.

"அழகாக்கணும்னா பூ வாங்கி வைங்கடா. நான் என்ன ஜன்னல் திரையா? கல்யாணத்துக்குக் கூப்பிடறது ஆளையா, சட்டையையா?"

"ஒரு நாள் ஒரு சட்டை மாத்திப் போட்டா தேஞ்சா போயிடுவீங்க?" என்று அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். "கூப்பிடறவங்க ஆசையா ஒண்ணு கேக்கறாங்க. பெத்த பையன் வேற. லாரி கம்பெனி காக்கி போடச் சொன்னா மட்டும் வாயைத் திறக்காம போடறீங்கல்ல?"

"அவன் சம்பளம் குடுக்கறான்டி!"

"இவன் சாப்பாடு போடறான்ல?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார், துணைக்கு வருவாள் என்ற நம்பிக்கையில். பஞ்சவர்ணம் அழைப்பிதழையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு வரியும் வெளிர் நீல எழுத்தில்தான் அச்சாகியிருந்தன.

"அத்தை, நீ ஒண்ணும் சொல்லலயே?" என்றான் அவன்.

"அன்னிக்கு எனக்கு ஷிஃப்ட் இருந்தாலும் இருக்கும்டா" என்றாள்.

ஏழு மாதம் முன்பே அந்த நாளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தவள் அவள். அந்த விஷயம் கஞ்சி சாருக்கு மட்டுமல்ல, கட்டடத்துக்கே தெரியும். அவன் முகம் சின்னப் பிள்ளை மாதிரி சுருங்கிப் போயிற்று. அவள் எழுந்து, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி மேலே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மேலே வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. வளர்த்த பிள்ளையின் கல்யாணம், ஒரு நிறத்துக்காக இப்படியா? ஆனால் விடுப்பு நாளன்று, அதுவும் வாழ்க்கையில் ஒரு தடவை வரும் நாளன்று, அந்த நீலத்தைத் தானாகவே எடுத்து மாட்டிக்கொள்வதை நினைத்தால் நீராவி அடித்த மாதிரி முகம் சூடானது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கலர் ஒரு காரணமா என்பார்கள். அதனால்தான் ஷிஃப்ட் என்றாள்.

அந்த வாரம் புதன்கிழமை மதிய இடைவேளையில், சலவைப் பிரிவின் வாசலில் யாரோ கேட்பதாக எதிர்முனை வந்து சொன்னாள். போய்ப் பார்த்தால் கல்யாணப் பெண் நின்றிருந்தாள். பல் மருத்துவமனை அடையாள அட்டை கழுத்தில் தொங்க, ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் பஞ்சவர்ணத்தைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தள்ளுவண்டிகளில் விரிப்புகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே நீலச் சீருடைப் பெண்கள் போவதும் வருவதும், துணி நடக்கிறதா ஆள் நடக்கிறாளா என்று தெரியாதபடி இருந்தது.

"இந்தக் கலரா அத்தை?" என்றாள் அந்தப் பெண், மெல்ல.

"இந்தக் கலரேதான். வா, இங்க உக்காரு."

உலர்த்தும் இயந்திரத்தின் வெப்பக் காற்று வெளியேறும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மர பெஞ்சு உண்டு. அங்கே உட்கார்ந்தார்கள். பஞ்சவர்ணம் தன் டப்பாவைத் திறந்து பாதி பழத்துண்டுகளை மூடியில் போட்டு நீட்டினாள்.

"அவர் ரெண்டு நாளா சரியா பேசல" என்றாள் பெண். "நீங்க வரலன்னா கல்யாணத்தைத் தள்ளி வெச்சிடலாமான்னு கேக்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. நான் ஏதாவது தப்பா..."

"அவன் கிடக்கான். நீ ஏம்மா இந்தக் கலரைப் பிடிச்ச? சும்மா கேக்கறேன்."

அந்தப் பெண் கையிலெடுத்த பழத்தை மூடியிலேயே திரும்ப வைத்தாள். பிறகு சொன்னாள். ஒன்பது வயதில் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாளாம். அப்போது அவள் அப்பாவுக்கு வேலை இல்லாத சமயம். பெரியம்மா மகளின் பழைய கவுனை அம்மா பிடித்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். சாயம் போய்ப் பழுப்பாக இருக்கும். பிள்ளைகளை எல்லாம் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தபோது புகைப்படக்காரர், "நீ பின்னால போம்மா, கலர் ஒத்து வரல" என்றார். பின்னால் போனாள். இன்னும் கொஞ்சம் பின்னால் என்றார். படத்தில் அவள் நெற்றி மட்டும் தெரியும்.

"எல்லாரும் ஒரே கலர்ல வந்தா அந்த மாதிரி யாருக்கும் ஆகாதுல்ல அத்தை? எங்க வீட்டுக்காரங்க, உங்க வீட்டுக்காரங்க, இருக்கறவங்க, இல்லாதவங்க, எதுவும் தெரியாது. அதுக்குத்தான். படத்துக்காக இல்ல."

பஞ்சவர்ணம் அவளை உற்றுப் பார்த்தாள். அழகுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்து நாலு நாளாக மனசுக்குள் திட்டித் தீர்த்திருந்தாள். இப்போது அந்தத் திட்டையெல்லாம் எங்கே கொண்டு போய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

"நல்ல எண்ணம்தாம்மா" என்றாள். "ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. ஒரே கலர் போட்டா வித்தியாசம் தெரியாதுன்னு உனக்கு யார் சொன்னா? நாங்க நாப்பது பேரு. தினமும் ஒரே கலர்தான். யாருது புதுசு, யாருது முழங்கையில ஒட்டுப் போட்டது, யார் அக்காகிட்ட வாங்கிப் போட்டிருக்கா, பத்தடி தள்ளி நின்னே சொல்லுவேன். பல கலர்ல வந்தாலாவது கண்ணு அங்க இங்க ஓடும். ஒரே கலரா இருந்தா வேற என்னத்தைப் பாக்கறது? தையலைத்தான் பாப்பாங்க."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இதை யாருமே எனக்குச் சொல்லலயே. பத்திரிகை எல்லாருக்கும் போயிடுச்சு அத்தை."

"போனா போகட்டும். ஆசைப்பட்டுக் கேட்ட. வர்றவங்க போட்டுட்டு வருவாங்க. அதுல ஒண்ணும் தப்பில்ல."

"நீங்க மட்டும் எது பிடிக்குதோ அதைப் போட்டுட்டு வாங்க. யாராவது கேட்டா நான் சொல்லிக்கறேன். ஆனா வந்துடுங்க."

மணி அடித்தது. எழுந்து போகும்போது அந்தப் பெண் திரும்பி, "உங்க கல்யாணத்துல என்ன கலர் போட்டீங்க?" என்று கேட்டாள்.

பஞ்சவர்ணம் யோசித்தாள். "என்னுது ஞாபகமே இல்லம்மா. அவர் சட்டைதான் ஞாபகம் இருக்கு. ரெண்டாவது பட்டன் இல்ல. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்."

அன்று மாலை அவள் மனசு நேர்மாறாகத் திரும்பிவிட்டது. அந்தப் பெண் பிடிவாதம் பிடித்திருந்தால் இவளும் பிடித்திருப்பாள். விட்டுக்கொடுத்தவளிடம் எப்படிச் சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியாது. எதிர்முனையை இழுத்துக்கொண்டு துணிக்கடைக்குப் போனாள். கடைக்காரர் நீலத் துணிகளைச் சுருள் சுருளாக விரித்துப் போட்டார்.

"இது நம்ம விரிப்பு" என்றாள் பஞ்சவர்ணம். அடுத்ததைத் தொட்டாள். "இது தலையணை உறை. இது துவைச்சுத் துவைச்சுச் சாயம் போன அங்கி. வேற காட்டுங்க."

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிர்முனைக்கு விளங்கியது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியில் கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி ஒன்று அகப்பட்டது. இது வேறு நீலம்தான் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். மறுநாள் காலை வீட்டு ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால், கடை விளக்கு காட்டிய பச்சையைக் காணோம். அச்சு அசல் விரிப்பு. பஞ்சவர்ணம் பெருமூச்சு விட்டாள். எதிர்வீட்டுத் தையல்காரியிடம் கொடுத்து நீள கவுனாகத் தைத்துக்கொண்டாள். "பாக்கெட் வெக்காத" என்று மட்டும் சொன்னாள். சீருடைக்குப் பாக்கெட் உண்டு.

கல்யாணத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. நுழைந்தவுடன் ஒரு நிமிஷம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. முன்னூறு பேர் நீலத்தில். அந்தப் பெண் எண்ணியபடி யார் எந்த வீட்டுக்காரர் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்திருந்தது. கூடத்தின் பரிமாறும் ஆட்களுக்கும் அன்று வெளிர் நீல மேலங்கி. மேஜை அலங்காரத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று கூடத்தின் நிர்வாகியே பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடாம்.

பத்து நிமிஷத்துக்குள் குழப்பம் தொடங்கிவிட்டது. விருந்தாளிகள் விருந்தாளிகளிடம் பழச்சாறு கேட்டார்கள். பரிமாற வந்தவனைப் பிடித்து ஒரு பெரியவர், "நீ யார் பையன்? உங்கப்பா வரலயா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கடைசியில் நீலச் சட்டைக்கு இறங்கி வந்திருந்தார். முகத்தில் மட்டும் காக்கி. அவர் தங்கையிடம் வந்து காதோடு சொன்னார்:

"வாசல்ல நின்னுட்டிருந்தேன். பொண்ணு வீட்டுக்காரர் ஒருத்தர் கார் சாவியை என் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டார்."

"ஐயையோ! நீங்க என்ன பண்ணீங்க?"

"ஓட்டிட்டுப் போய் நிறுத்திட்டு வந்தேன். நல்ல வண்டி. கியர் வெண்ணெய் மாதிரி விழுது."

பஞ்சவர்ணம் சிரித்துக்கொண்டே ஒரு மேஜைப் பக்கம் ஒதுங்கினாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தது. கை தானாகப் போய் இழுத்து நீவிவிட்டது. அடுத்த மேஜையில் முனை ஒருபக்கம் நீளமாகத் தொங்கியது, அதையும் சரிசெய்தாள். அங்கே காலித் தட்டுகள் இரண்டு கிடந்தன. எடுத்து அடுக்கினாள்.

"அம்மா, இதையும் எடுத்துக்கங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். உயரமான மனிதர், கையில் கேக் சாப்பிட்ட தட்டு. "அப்படியே ஒரு டம்ளர் தண்ணி."

வாங்கிக்கொண்டாள். தட்டுகளோடு சமையல் பக்கக் கதவு வரை போய்விட்டாள். அங்கே நின்ற ஆள், "புதுசா? மேலங்கி எங்க?" என்று அதட்டினான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த மனிதர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? கோபமெல்லாம் தன் கைகள் மேல்தான். லீவு கொடுத்து அழைத்து வந்தால், நீலத்தைப் பார்த்தவுடன் வேலைக்குச் சேர்ந்துவிட்டனவே! தட்டுகளைக் கொடுத்துவிட்டு, கேட்ட தண்ணீரையும் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

மேடையில் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போகிறார்கள். மாப்பிள்ளை நிமிர்ந்து கூட்டத்தைத் துழாவினான். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் குனிந்து என்னவோ கேட்டான். அண்ணி கையை நீட்டிக் காட்டினாள். அவன் பார்த்தான். அவன் பார்வை பஞ்சவர்ணத்தின் மேல் வந்தது, நிற்காமல் தாண்டிப் போயிற்று. திரும்ப வந்தது, மறுபடியும் தாண்டிப் போயிற்று. அவள் கையைத் தூக்கினாள். அவளைச் சுற்றி இன்னும் நாலைந்து நீலக் கைகள் யார் யாருக்கோ ஆடிக்கொண்டிருந்தன.

இத்தனை வருஷத்தில் அவன் அவளைத் தேட நேர்ந்ததே இல்லை. இன்றைக்குத் தேடினான். கிடைக்கவில்லை.

அவள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள் என்று சொல்வதற்கில்லை. கால் நடந்துவிட்டது. பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் போய், கைப்பையைத் திறந்தாள். மாற்று உடை இல்லாமல் வெளியே கிளம்பும் வழக்கம் அவளுக்கு இல்லை. உள்ளே தக்காளிச் சிவப்பில் ஒரு கவுன், பெரிய பெரிய மஞ்சள் பூக்களோடு. எடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. அந்தப் பெண்ணின் ஒன்பது வயது நெற்றி ஞாபகத்துக்கு வந்தது. 'எது பிடிக்குதோ அதைப் போட்டுட்டு வாங்க' என்று சொன்னாள்தானே, வாய்வார்த்தைக்குச் சொன்னாளோ, மனசாரச் சொன்னாளோ? சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று மாற்றிக்கொண்டாள்.

அவள் கூடத்துக்குள் வந்தபோது கையெழுத்துக்கு முன்னால் நன்றி சொல்ல மாப்பிள்ளையின் கையில் மைக்கைக் கொடுத்திருந்தார்கள். "வந்திருக்கிற எல்லாருக்கும்..." என்று தொடங்கியவன் அப்படியே நிறுத்தினான்.

"அதோ அத்தை!" என்றான். கூடம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. முன்னூறு தலைகள் திரும்பின.

பஞ்சவர்ணத்துக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது, ஆனாலும் மேடைப் பக்கம் நடந்தாள். அண்ணி பல்லைக் கடித்தாள். முன்வரிசையில் யாரோ, "ஊருக்கே ஒரு கலர்னா இந்தம்மாவுக்கு மட்டும் தனிக் கலரா?" என்றது தெளிவாகக் காதில் விழுந்தது. கல்யாணப் பெண் மட்டும் மேடைப் படியில் இரண்டு படி இறங்கி வந்து கையைப் பிடித்தாள்.

"மன்னிச்சுக்கம்மா. நீலத்துலதான் வந்தேன், சத்தியமா..."

"பாத்தேன் அத்தை. எங்க மாமா உங்ககிட்ட தட்டைக் குடுத்ததையும் மேல இருந்து பாத்தேன். இறங்கி வர்றதுக்குள்ள நீங்க போயிட்டீங்க. எனக்கு உயிரே போயிடுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "இப்பத்தான் நீங்க வந்த மாதிரி இருக்கு."

கையெழுத்தாயிற்று, கைதட்டலாயிற்று. குடும்பமாக நின்று படம் எடுக்கும் நேரம் வந்தது. புகைப்படக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"அந்தச் சிவப்பு அம்மா கொஞ்சம் ஓரமா நிக்கட்டும். கண்ணை இழுக்குது."

பஞ்சவர்ணம் நகரத் தொடங்கினாள். அவள் முழங்கையை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

"அவங்க நடுவுலதான் நிப்பாங்க" என்றாள் கல்யாணப் பெண். சத்தமாக இல்லை, ஆனால் பல் மருத்துவமனையில் முறை தவறி உள்ளே நுழைகிறவர்களை நிறுத்தும் குரல் அது. "வேணும்னா நீங்க கொஞ்சம் பின்னால போங்க."

புகைப்படக்காரர் பின்னால் போனார். இன்னும் கொஞ்சம் என்றாள். போனார். அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதல் நாலு படத்தில் அவர் வாய் திறந்தபடிதான் விழுந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் ஒரு அடையாளம் கிடைத்துவிட்டது. "நான் சிவப்பு அம்மாவுக்கு இடது பக்கம் இருக்கேன், வா" என்று ஃபோனில் சொன்னார்கள். கூட்டத்தில் தொலைந்து போன ஒரு குழந்தையை அவளிடம் கொண்டு வந்து விட்டார்கள். அம்மாக்காரி நேராக அங்கேயே வந்து வாங்கிக்கொண்டாள். தன் வீட்டாரைத் தொலைத்த பெரியவர் ஒருவர் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தேடறவங்க தேடி வரட்டும்" என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி பத்து நிமிஷம் பேசாமல் இருந்தாள். பதினோராவது நிமிஷம் ஒரு தட்டில் கேக் கொண்டு வந்து, "சாப்பிடு. நீ செஞ்ச கூத்துல எனக்குத் தலைவலிதான் மிச்சம். அந்த நீலத்தை நீ இனிமே போடப் போறதில்லல்ல? எனக்குக் குடுத்துடு" என்றாள்.

சாப்பாடு முடியும் நேரத்தில் அந்த உயரமான மனிதர் வந்தார். பெண்ணின் தாய்மாமன். மருமகள் சொல்லிவிட்டிருக்க வேண்டும். கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

"நீங்க மாப்பிள்ளையோட அத்தைன்னு தெரியாமப் போச்சுங்க. தண்ணி வேற கேட்டுட்டேன்."

"அதனால என்னங்க? நான்தானே உங்க மேஜை விரிப்பை இழுத்து விட்டுட்டிருந்தேன். உங்களுக்கு முன்னால ஏற்கெனவே ரெண்டு தட்டு கையில இருந்துச்சு."

"இல்ல, இருந்தாலும்..." அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "என்கிட்டயும் ஒருத்தர் வந்து கழிவறை எந்தப் பக்கம்னு கேட்டார். நானும் வழி காட்டி அனுப்பினேன்."

"சரியான வழிதானே?"

"அதான் தெரியல" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்தார். பழச்சாறு வந்தபோது முதல் டம்ளரை எழுந்து வாங்கி அவளிடம் கொடுத்தார்.

மேடையிலிருந்து அண்ணன் மகன் இறங்கி வந்தான். கோட்டைக் கழற்றி அவள் நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு அவள் காலடியில் உட்கார்ந்தான். "பசிக்குது அத்தை" என்றான், முன்னூறு பேருக்குச் சாப்பாடு போட்ட மாப்பிள்ளை. அவள் தன் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"கலர் விஷயம் எனக்குத் தோணவே இல்ல அத்தை. இத்தனை வருஷம் உன்னை அந்தச் சீருடையில நான் பாத்ததே இல்ல."

"அதுக்குத்தானேடா அங்கேயே மாத்திட்டு வந்தேன்" என்றாள்.

திங்கட்கிழமை சலவைப் பிரிவில் விரிப்பு உதறும் நேரமெல்லாம் கல்யாணக் கதைதான். முதல் தடவை சொன்னபோது தாய்மாமன் சாதாரண உயரம். மதியத்துக்குள் கதவில் தலை இடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டார். தட்டும் ஒன்றிலிருந்து ஆறாகி, சாயங்காலம் கஞ்சி சார் வந்து காது கொடுத்தபோது ஒரு தள்ளுவண்டி நிறைய ஆகியிருந்தது. எதிர்முனை ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பது போலவே கேட்டாள்.

அடுத்த ஞாயிறு புதுப்பெண் மேல்வீட்டுக்கு வந்து, காலை நீட்டிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு அந்தக் கதையைக் கேட்டாள். தள்ளுவண்டி வந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, எங்க மாமா ஒரே ஒரு தட்டுதானே குடுத்தார்? நான்தான் பாத்தேனே."

"ஒரு தட்டை வெச்சு எத்தனை தடவைம்மா சொல்றது?" என்றாள் பஞ்சவர்ணம். "கொஞ்சம் தள்ளிப் படு, நானும் சாயறேன்."